பங்களாப் புகைக்கூடும் பாப்பாவின் தலைவலியும்

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். வீட்டுக்காரர் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். எங்கே ஒட்டடை ஆடுகிறது, எந்த மூலை கறுத்திருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருகிற காற்று எந்த வழியாக வெளியே போகும் என்றெல்லாம் பார்த்து முடிக்காமல் எனக்கு நாற்காலியில் உட்கார வராது. என் மனைவிக்கு இதில் பெரிய வெட்கம். "பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் மோட்டப் பாத்துக்கிட்டு நின்ன மனுசன்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். பெண்ணையும் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாள்.

என் மூத்த மருமகன் கொழும்பில் ஏசி காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்கிற கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். பெரிய வீடுகளில் கூரைக்கு உள்ளே ஓடுகிற தகரக் குழாய்களில் மெஷினை விட்டுத் தூசியை உறிஞ்சி எடுக்கிறார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, நீங்களும் தோட்டத்துல இந்த வேலதான் பாத்தீங்களாமே? எங்ககிட்ட புதுசா வந்திருக்கிறவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், எழுதிக் குடுங்க. தூசிய அள்ளிட்டா வேல முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம், தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். நாற்பத்தெட்டில் பேர் பதிந்தேன். முதலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். பிறகு கொத்தனுக்குக் கையாள் வேண்டும் என்று இழுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து புகைக்கூடு, அதாவது புகைபோக்கி, சுத்தம் செய்யப் போனேன். பழகிய கதையில் சொல்ல அதிகமில்லை. உயரத்துக்கு எனக்குப் பயமில்லை, உடம்பு ஒல்லி, அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. கொஞ்ச காலத்திலேயே பெரிய துரை பங்களா, சின்ன துரை பங்களா, உத்தியோகத்தர் வீடுகள், ஸ்டோர் என்று தோட்டத்தில் புகை போகிற வழியெல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை. வேலு என்று அப்பா வைத்த பேர் கரி வேலு என்று ஆனதும் அப்போதுதான்.

பங்களாப் புகைக்கூட்டைச் சுத்தம் செய்ய எங்களிடம் பிரஷ் ஒன்றும் கிடையாது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். அதை விறகுக்காக எல்லோரும் சுமந்து போவார்கள். அதில் நல்ல முறுக்கானதாக, கிளை விட்டதாகப் பொறுக்கி, பச்சை காய்வதற்குள் ஒரு கட்டாகக் கட்டி, நடுவில் சாக்குச் சுற்றிய கல்லை வைப்பேன். கட்டுக்கு மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. நான் கூரை மேல் இருப்பேன்; கீழே அறைக்குள், குளிர்காய நெருப்புப் போடுகிற கணப்படுப்புக்கு முன்னால் இன்னொரு ஆள் இருப்பான். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடி, ஓரமெல்லாம் களிமண் அப்பி, கயிறு வரமட்டும் ஒரு சின்னத் துளை விடவேண்டும். அதில் சோம்பல் பட்டால் துரைசாணியின் வெள்ளைத் திரைச்சீலை என் நிறத்துக்கு வந்துவிடும்.

பிறகு அவன் இழுப்பான், நான் இழுப்பேன். முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். கரி உதிர உதிரச் செங்கல்லில் குச்சி கீறுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். கீழே விழுந்த கரியைப் பங்களாத் தோட்டக்காரர் ரோசாச் செடிக்கு என்று கூடையில் வாரிக்கொண்டு போவார். என்மேல் ஒட்டிய கரியை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. அந்த மலைத் தண்ணீரில் நின்று அதைத் தேய்த்துக் கழுவுவது வேலையைவிடப் பெரிய வேலை.

எனக்கு மேலதிகாரி டீமேக்கர் நடராசா ஐயா. ஸ்டோருக்கு அவர்தான் பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர். உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, தடித்த கண்ணாடி. அவருடைய சொத்தெல்லாம் மூக்குதான். பூ வைத்துக்கொண்டு பெண்கள் தேயிலை அரிக்கிற அறைக்கு வரக்கூடாது. சுருட்டுப் பிடித்தவன் வாய் கொப்பளித்துவிட்டு மழையில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஊருக்கு மட்டும்தான் உபதேசமா என்றால் அதுவும் இல்லை. வேலை நாளில் அவர் சாப்பாட்டில் வெங்காயமே கிடையாது. நாங்கள் பின்னால் அவரை மூக்கு ஐயா என்போம். அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவரிடம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. உத்தியோகத்தர்கள் எங்களை "அடே" என்று கூப்பிட்ட காலத்தில் அவர் "நீர்" என்பார். ஏதாவது பிசகிவிட்டால் ஏசமாட்டார். காலித் தேயிலைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கேள்வி கேட்பார். பதிலை அவர் சொல்லமாட்டார். ஏச்சு வாங்கியவன் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவான். கேள்வி வாங்கியவன் சோறு தின்னும்போதும் யோசித்துக்கொண்டிருப்பான்.

ஒருமுறை எங்கள் தேயிலையில் புகைவாடை அடிக்கிறது என்று கொழும்பிலிருந்து புகார் வந்தது. ஸ்டோரின் மேல்மாடியில்தான் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். கீழே அடுப்பு அறைப் பக்கமிருந்து சூடான காற்றைப் பெரிய விசிறி இழுத்து, பலகையால் அடித்த நீளக் கூண்டுகள் வழியாக மேலே தள்ளும். அந்தக் கூண்டுகளுக்குள் படுத்து ஊர்ந்துபோய், வருடக்கணக்காகப் படிந்திருந்த தேயிலைப் பஞ்சைச் சாக்குச் சாக்காக அள்ளினேன். வெளியே வந்தபோது என் சொந்தக்காரனுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. பெருமையாகப் போய் நின்றேன்.

நடராசா ஐயா மூச்சை ஒருதரம் இழுத்தார். "இன்னும் கிடக்கு" என்றார்.

பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். தேயிலை அறையில் ஊதுபத்தியா என்று எனக்குத் திகைப்பு. மெஷின் ஓடினாலும் அன்றைக்கு அங்கே கொழுந்து கிடையாது என்று பிறகுதான் கவனித்தேன். "இதைப் பிடிச்சுக்கொண்டு கூண்டு நெடுக நடவும். புகை எந்தப் பக்கம் சாயுது எண்டு வடிவாப் பாரும்" என்றார். நடந்தேன். புகை நேராக எழும்பிக்கொண்டே வந்தது. அடுப்பு அறைக்குப் பக்கத்தில், விசிறி காற்றை இழுக்கிற பக்கத்து ஒரு பலகை மூட்டில் மட்டும் சட்டென்று வளைந்து கூண்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்த விரிசல் வழியாகத்தான் அடுப்பறைப் புகை உள்ளே போயிருக்கிறது. "காத்து எங்கையிருந்து வருகுது, எங்கை போகுது? முதல் அதைக் கேளும். ஊத்தையைப் பிறகு அள்ளலாம்" என்றார் ஐயா. ஊத்தை என்றால் அவர்கள் பேச்சில் அழுக்கு.

இன்னொரு நாள், மழைக்குக் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு தணலைக் கிளறிக்கொண்டிருந்த அடுப்புக்காரர் மயங்கி விழுந்தார். அறையில் புகை துளிகூட இல்லை. ஐயாதான் அவரை வெளியே இழுத்துப் போட்டார். அவர் மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "தணல் கிடக்கிற இடத்தில புகை தெரியேல்லை எண்டு நம்பிக்கொண்டு இராதேயுங்கோ. அதிலயிருந்து வாற நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. என்ர மூக்குக்கே பிடிபடாது."

இனித்தான் பங்களாக் கதை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பெரிய துரைக்கு ஒரு பெண் குழந்தை, நாங்கள் எல்லோரும் பாப்பா என்போம். பேசத் தொடங்கியிருந்த வயது. ஆயாவிடம் வளர்ந்ததால் அதற்கு இங்கிலீஷைவிடத் தமிழ் நன்றாக வரும். துரையைப் பார்த்தே "என்னாங்க" என்று கூப்பிடும். அந்தக் குழந்தைக்குத் திடீரென்று சுகமில்லாமல் போயிற்று. மத்தியானம் தூங்கினால் எழும்பாது. உலுக்கி எழுப்பினால் தலையைப் பிடித்துக்கொண்டு அழும், வாந்தி எடுக்கும். தோட்டத்தில் தூக்கிக்கொண்டு உலாத்தினால் கொஞ்ச நேரத்தில் சிரிக்கும். மறுநாள் மறுபடியும் அதே கதை.

ஆயா பாக்கியம் எங்கள் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. புருஷன் கவ்வாத்துக்காரர். வாயாடி, ஆனால் குழந்தை என்றால் உயிரை விடுவாள். பங்களாச் சமையல்காரர், அப்பு என்போம், அவருக்கும் பாக்கியத்துக்கும் எப்போதும் ஆகாது. பிள்ளை தொந்தரவு பண்ணாமல் தூங்குவதற்கு ஆயா அபின் உருண்டை கொடுக்கிறாள் என்று அப்பு ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். அதனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. டவுனிலிருந்து வந்த டாக்டர் நிதானமான மனிதர். "குழந்தை விழுங்கியது ஏதாவது இருக்கலாம், அறையில் ஏதாவது இருக்கலாம், இரண்டையும் பாருங்கள், புகைக்கூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், துரை என்னைக் கூப்பிட்டார். "வேலு, நீ பங்களா போ. பாப்பா ரூம் கூடு பாரு. நல்லா பாரு."

போனேன். மிலாறுக் கட்டை இறக்கி இழுத்தேன். கரி ரொம்பக் கொஞ்சம்தான் வந்தது. விறகு பொறி தெறிக்கும் என்று குழந்தை அறையில் துரைசாணி மரக்கரிதான் போடச் சொல்லியிருந்தார். கரித்தணலில் புகையும் இல்லை, கூட்டில் படிகிறதும் இல்லை. குருவிக் கூடு, உடைந்த செங்கல் எதுவும் இல்லை. கீழே வந்து ஒரு பழைய பேப்பரைக் கொளுத்தி அடுப்பில் போட்டேன். தீ ஓவென்று மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. அதைவிட நல்ல புகைக்கூடு தோட்டத்திலேயே கிடையாது. கண்டதைத் துரையிடம் சொன்னேன்: "கூட்டுல ஒரு கொறையும் இல்லீங்க தொர."

அன்று சாயங்காலம் பாக்கியம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"கூட்டுல ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டீங்களாம்லண்ணே."

"இல்லாததத்தானே தங்கச்சி சொன்னேன்."

"கூட்டுல இல்லன்னா அப்ப ஏங்கிட்டத்தான் இருக்குன்னு ஆயிப்போச்சு. சனிக்கெழமையோட எனக்கும் எம் புருசனுக்கும் சீட்டக் கிழிச்சுருவாங்கன்னு அப்பு சொல்றாரு. எம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்?"

துரை பிள்ளைக்கு மருந்து கொடுத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு போனால் எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? காம்பரா போய்விடும். குடியுரிமையும் இல்லாமல் ஆகியிருந்த காலம் அது. தோட்டத்தை விட்டால் நமக்கென்று நிற்க ஓர் இடம் கிடையாது. நான் நல்லது என்று சொன்ன ஒரு வார்த்தை இவள் தலையில் போய் விழுந்திருக்கிறது. ஆனால் பொய்யும் சொல்லவில்லையே என்று ஒரு பக்கம் மனசு முரண்டு பிடித்தது. கூடு நல்ல கூடு. பாக்கியமும் நல்லவள். அப்படியானால் குழந்தைக்கு என்னதான் வருகிறது? அந்த ஒரு கேள்விக்குள் நான் விழுந்துவிட்டேன்.

நேராக ஸ்டோருக்குப் போய் நடராசா ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"நீர் நெருப்பு மூட்டேக்கை கதவு திறந்து கிடந்ததோ?"

"ஆமாங்கய்யா. கயிறு, சாக்கு எல்லாம் கொண்டு போகணும்ல. ஜன்னலும் தொறந்துதான் கெடந்துச்சு."

"பிள்ளை நித்திரை கொள்ளேக்கை?"

அதை நான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவே இல்லை.

"அப்ப நீர் வேற ஒரு அறையை எல்லோ பார்த்திருக்கிறீர்" என்றார்.

அவரே போய்த் துரையிடம் பேசினார். டாக்டரும் அறையைப் பார்க்கச் சொன்னார் அல்லவா என்று துரையும் சம்மதித்தார். மறுநாள் மத்தியானம் துரைசாணி குழந்தையை வெளி வராந்தாவில் வைத்துக்கொண்டிருக்க, ஐயாவும் நானும் பாக்கியமும் மட்டும் அந்த அறைக்குள் போனோம். வெளியே மழையும் மூடுபனியும். அடுப்பில் கரித்தணல் கனன்றுகொண்டிருந்தது.

"பிள்ளை, ஒவ்வொரு நாளும் குழந்தையை நித்திரையாக்க நீ என்னென்ன செய்வியோ, ஒண்டும் விடாமச் செய்து காட்டு" என்றார் ஐயா. பாக்கியத்தைத்தான் அவர்கள் வழக்கத்தில் பிள்ளை என்று கூப்பிட்டார்.

பாக்கியம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொடங்கினாள். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஒரு கம்பளியைச் சுருட்டி வைத்து மிதித்துவிட்டாள். பிறகு சுவரோரம் குனிந்தாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்று பங்களா கட்டும்போதே வைத்த ஓட்டைச் செங்கல் ஒன்று இருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளை மடித்து மடித்து ஒரு திண்டு மாதிரி செய்து வைத்திருந்தாள். அதை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தபோது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இந்த ஓட்ட வழியா பனி வந்து நேரா பாப்பா கட்டுலுக்கு அடிக்குதுங்கய்யா. அதான் அடைச்சேன். இப்ப பாருங்க, காத்து ஒரு சொட்டு வராது."

நானும் ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் ஊதுபத்தியைக் கொளுத்தி என்னிடம் நீட்டினார். அடுப்பின் வாய்க்கு மேல் விளிம்பில் பிடித்தேன். புகை புகைக்கூட்டுக்குள் போகவேண்டும். போகவில்லை. அது மெதுவாகத் திரும்பி, என் முகத்தைத் தொட்டு, அறைக்குள் வந்தது.

"பிள்ளை, நீயும் இஞ்சதான் குழந்தையோட படுக்கிறனியோ?" ஐயா மெல்லக் கேட்டார்.

"கட்டுலுக்குக் கீழ பாய் போட்டுப் படுப்பேங்கய்யா."

"உனக்குத் தலையிடி வாறதில்லையோ?"

"தெனமும் கிர்ருன்னு சுத்தும். துணியக் கட்டிக்கிட்டு வேலயப் பாப்பேன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலீங்களே" என்றாள் பாக்கியம்.

ஐயா குனிந்து ஈயத்தாளைப் பிடுங்கினார். குளிர்காற்று காலில் அடித்தது. ஊதுபத்திப் புகை ஒரு கணம் தடுமாறி, பிறகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு சரேலென்று புகைக்கூட்டுக்குள் ஏறிப் போயிற்று. எத்தனையோ புகைக்கூடுகளைப் பார்த்தவன் நான். அன்றைக்குப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றதில்லை.

பாக்கியம் செய்தது லயத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். பனிக்காலம் வந்தால் எங்கள் காம்பராக்களில் சுவர் இடுக்கு ஒன்றுவிடாமல் சாக்கும் துணியும் ஈயத்தாளும் வைத்து அடைப்போம். அங்கே அதனால் உயிருக்குக் கெடுதி வந்ததில்லை, ஏனென்றால் லயத்தில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் கூரைவரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் லயம் முழுக்க வாசம் வரும். கீழே எவ்வளவு அடைத்தாலும் தலைக்கு மேலே காற்று ஓடிக்கொண்டிருக்கும். பங்களா அறை அப்படியில்லை. மேலே பலகைக் கூரை, இடுக்கே இல்லாத கதவு ஜன்னல். உள்ளே வர வழியில்லாவிட்டால் காற்று வெளியேயும் போகாது. தணலின் நஞ்செல்லாம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். இதை ஐயா விளக்கிச் சொல்லச் சொல்ல பாக்கியத்தின் முகம் வெளுத்தது.

"அப்ப நாந்தான் பாப்பாவக் கொல்லப் பாத்தேனா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஐயா, ஸ்டோர் கூரையில ஒரு பழைய மைனாக் கூடு கெடக்கு. எடுத்தாந்துர்றேன். பொகக்கூட்டு வளைவுல அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கு என் கண்ணுல படலன்னு சொல்லிருவோம். என்னத் தொர ஏசுனா ஏசட்டும்" என்றேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். கடைசியில், "சொல்லலாம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் வாயிலிருந்து அது வந்தது எனக்குப் பெரிய அதிசயம்.

"வேணாங்கய்யா." பாக்கியம் எழுந்து நின்றாள். "குருவிக் கூடுன்னு சொல்லிட்டா, எனக்குப் பொறவு எந்த ஆயா வந்தாலும் அவளும் லயத்துலருந்துதானே வருவா? குளுருன்னா அவளும் அடைக்கத்தானே செய்வா? அப்ப பாப்பா என்னாவறது?"

ஐயாவின் கையிலிருந்த ஈயத்தாளை வாங்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

வராந்தாவில் துரைசாணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். துரை நின்றுகொண்டிருந்தார். பாக்கியம் ஈயத்தாளை நீட்டினாள். "தொரசாணி, நான் அபினு குடுக்கல. ஆனா காத்து வர்ற ஓட்டைய நாந்தான் அடைச்சேன். குளுராம இருக்கணும்னு அடைச்சேன். அதான் பாப்பாவுக்கு ஆகல. இனி யாரு வந்தாலும் அத அடைக்க விடாதீங்க." ஒரு வார்த்தை விடவில்லை. ஐயா இங்கிலீஷில் துரைக்கு விளக்கினார்.

துரை முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில், "நான் சொன்னது. குளிர் வரக் கூடாது, நல்லா மூடு, நான் சொன்னது பாக்கியம்" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தையை அப்படியே பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாப்பா ஈயத்தாளைப் பிடுங்கிக் கசக்கி விளையாட ஆரம்பித்தது. தேநீர்த் தட்டோடு வந்த அப்பு, வந்த வழியே திரும்பிப் போனார்.

ஓட்டைச் செங்கல்லுக்கு நான் கம்பி வலை அடித்துவிட்டேன். கட்டிலை வேறு பக்கம் தள்ளிப் போட்டார்கள். குழந்தைக்கு அதன் பிறகு தலைவலி வரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, தான் பயந்ததும் அதுதான் என்று சொல்லி ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

சனிக்கிழமை வந்தது. சீட்டுக் கிழிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் துரை பாக்கியத்தைக் கூப்பிட்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஐயாவும் நானும் அங்கே இருந்தோம். புடவை கேட்பாள், இல்லை புருஷனுக்கு நல்ல மலையில் வேலை கேட்பாள் என்று நான் நினைத்தேன்.

"எங்க காம்பராவுக்குக் கூரையில ஒரு ஓட்ட போட்டுக் குடுங்க தொர" என்றாள் பாக்கியம்.

துரைக்குப் புரியவில்லை. தகரக் கூரை ஒழுகுகிறது, ஓட்டையை அடைத்துத் தாருங்கள் என்றுதான் தோட்டத்தில் ஒவ்வொருவரும் அவரிடம் வந்து நிற்பார்கள். ஓட்டை போடச் சொல்லி வந்த முதல் ஆள் இவள். சிரித்துவிட்டார். பாக்கியம் சிரிக்கவில்லை.

"பாப்பா ரூம்புல கண்ணுக்குத் தெரியாத காத்துக்கே இம்புட்டுப் பாடுன்னா, எங்க காம்பராவுல கண்ணுக்குத் தெரியுதே தொர பொக. அதத் தின்னுக்கிட்டுத்தானே எம் பிள்ளைக படுத்துக் கெடக்குதுக?"

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்துப் புகைக்கூடெல்லாம் பார்த்த நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி இதற்கெல்லாம் பணம் தராது என்றார் துரை. ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த காலித் தார்ப் பீப்பாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றை வெட்டித் தட்டி நிமிர்த்தி, உருட்டிக் குழாயாக்கி, அடுப்புக்கு மேலே ஒரு கூடாரம் மாதிரி செய்து, கூரையை அறுத்து வெளியே விட்டேன். அடி இடுக்கில் அடைத்திருந்த சாக்கையும் பிடுங்கிப் போட்டேன். பாக்கியம் மிலாறு வைத்து அடுப்பை மூட்டினாள். குழாயிலிருந்து புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. லயத்துக் கூரைக்கு மேலே அப்படி ஒரு புகையை யாரும் அதுவரை பார்த்ததில்லை. "ஐயோ, பாக்கியம் காம்பரா எரியுது!" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்து வாளியும் குடமுமாக ஓடிவந்துவிட்டார்கள். குழாய்க்குள்ளேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுப்பை மறுபடி மூட்டவேண்டியதாயிற்று.

ஊற்றவந்தவர்கள் போகவில்லை. ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து பார்த்தார்கள். அடுப்பு எரிகிறது, சோறு கொதிக்கிறது, பாக்கியத்தின் பிள்ளைகள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் திறந்து பேசிக்கொண்டிருக்கின்றன. என் மனைவி மட்டும் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆண்கள் எல்லாம் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள். பெண்கள் நிற்கவில்லை. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, மழைக்குத் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, மொத்தமாகத் துரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். முதல் ஆளாக நின்றது என் மனைவி.

"எங்க கூரையிலயும் ஓட்ட போடச் சொல்லுங்க தொர" என்றாள். "மழத் தண்ணி உள்ள வந்தா நாங்க சட்டி வெச்சுப் புடிச்சுக்கிறோம்."